கருப்பைக் கருப்பாக எடுக்க

வணக்கம் சார். போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போய் எடுக்கிறேன். 'ஏ' மோடில் எடுப்பதைப் பார்த்துக் கூட வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், 'எம்' மோடில் எடுப்பவன்தான் போட்டோகிராபராம். உண்மையா? ரா எடுக்கணுமா, ஜேபெக் போதுமா? 50 எம்எம் லென்ஸ் வாங்கலாமா? இன்னொன்று. கடலைப் பின்னால் வைத்து அம்மாவை எடுத்தேன், முகம் கரிக்கட்டையாக விழுந்துவிட்டது. நிறம் கம்மியானவர்களுக்குத் தனி செட்டிங் ஏதாவது இருக்கிறதா?

— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

தம்பி,

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். 'எம்' மோடில் எல்லாவற்றையும் நாமே கையால் வைக்க வேண்டும், ஏலத்தில் கூடை கைமாறுகிற நேரத்தில் நீங்கள் கேமரா சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தால் மீனும் போயிருக்கும், படமும் போயிருக்கும். 'ஏ' மோடில் எஃப் எண்ணை, அதாவது லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை, நீங்கள் வைக்கிறீர்கள், ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்கொள்கிறது, அதில் என்ன கேவலம்? இருட்டில் ஷட்டர் 1/60-க்குக் கீழே இறங்கினால் ஆட்கள் இழுபட்டுத் தெரிவார்கள், அப்போது ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 1600, 3200 என்று ஏற்றுங்கள், படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ராவா, அதுவே பக்குவப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கா என்பதை ஆறு மாதம் கழித்துப் பேசலாம்.

அது என்ன 'நிறம் கம்மி'? கருப்பு நிறத்தில் சேர்த்தி இல்லையா? பெற்ற அம்மாவைப் பற்றி எழுதும்போது கூடவா அந்த வார்த்தை வர வேண்டும்? கோபமாகத்தான் கேட்கிறேன்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும் புத்தி. ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் 18 சதவீத சாம்பல் அட்டை இருக்கிறதே, ஏறக்குறைய அந்தச் சாம்பல். காசிமேட்டில் சூரியன் கடலுக்குள்ளிருந்து கிளம்புகிறது, கடலைப் பின்னால் வைத்தால் படம் முழுக்க வெளிச்சம், அதைச் சாம்பலாக்குகிறேன் பேர்வழி என்று கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்க, அம்மா முகமும் அதோடு போய்விட்டது. பிளஸ் மைனஸ் போட்ட சின்னப் பட்டன் இருக்கும், அதில் பிளஸ் 1 வையுங்கள், போதாவிட்டால் பிளஸ் 2. வானம் வெளுத்துப்போகும், நமக்கு வானமா முக்கியம்?

ஆனால் அதே அம்மாவை வீட்டு வாசலில், கிட்டத்தில், படம் நிறைய முகமாக எடுத்துப் பாருங்கள். இப்போது கேமரா 'ஐயோ இருட்டு' என்று வெளிச்சத்தை ஏற்றிவிடும், முகம் திருநீறு பூசின மாதிரி ஆகிவிடும். அங்கே மைனஸ் 0.7. இந்த மைனஸைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை, ஏனென்றால் வெளுத்தால் நம் ஆட்களுக்குச் சந்தோஷம். கோடாக் கம்பெனியே பிலிம் காலத்தில் கலர் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண் படம் போட்ட 'ஷெர்லி கார்டு' என்ற அட்டையைத்தான் லேப்களுக்குக் கொடுத்தது. அவர்கள் அப்படி. நாம்?

என் அக்காவைப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் நைனா அவளை எங்கள் பக்கத்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார், நானும் ஒட்டிக்கொண்டு போனேன். பவுடரை அப்பி உட்கார வைத்து எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் படம் வாங்கப் போனபோது, பின்கட்டில் ஒருவர் அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேல் அக்காவின் நெகடிவை வைத்து, ஊசி மாதிரி சீவின பென்சிலால் முகத்தில் பொடிப் பொடியாகத் தீட்டிக்கொண்டிருந்தார். நெகடிவில் பென்சில் ஏற ஏற, பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். கன்னம், மூக்கோரம், கழுத்து, ஒன்றையும் விடவில்லை. "பாப்பா எப்படி ஆயிடுச்சு பாரு" என்று பெருமையாகக் காட்டினார், எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

வந்தார்கள். அக்கா காபி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு சமையல்கட்டு வாசலையே பார்த்தபடி, "பெரிய பொண்ணு வரலியா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே பெண். அந்தப் படத்தை அக்கா பிறகு என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை.

இப்போது அவள் திருவொற்றியூரில் இருக்கிறாள். போன பொங்கலுக்கு மொட்டைமாடி நிழலில் உட்கார வைத்து எடுத்தேன், மைனஸ் 0.7. ஸ்கிரீனைக் காட்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள், தன் புறங்கையை அதற்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தாள். "சரியாத்தான் எடுத்துருக்க. தலையைச் சீவிட்டு வாக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

லென்ஸ் கேட்டிருந்தீர்கள். 50 எம்எம்மில் எஃப்/1.8 போதும், ஆனால் முதலில் அம்மாவை மறுபடி எடுங்கள்.