சின்னவள் வீடியோவில் இல்லை

கேள்வி: என் மகள்கள் (வயது 15, 12) பள்ளி விழாவுக்காக, செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனா வல்தவா நதியைப் பற்றி எழுதிய ‘வல்தவா’வைப் பியானோவில் நான்கு கைகளாகப் பழகினார்கள். உயர்ந்த ஸ்வரங்கள் வரும் மேல்பகுதி மூத்தவளுக்கு, தாழ்ந்த ஸ்வரங்கள் வரும் கீழ்ப்பகுதி இளையவளுக்கு. மூத்தவள் வலப்பக்கம் உட்காருவதால் அங்கிருந்தே வீடியோ எடுத்து உறவினர்களுக்கு அனுப்புவேன். சின்னவள் தெரியமாட்டாள், அது பரவாயில்லை. இப்போது திடீரென்று வாசிக்கமாட்டேன் என்கிறாள். பொறாமையா? மூத்தவளை மட்டும் தனியாக வாசிக்க வைக்கலாமா?

பதில்: இந்தக் கடிதம் வெவ்வேறு வீடுகளிலிருந்து எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது, சகோதரி. ‘திடீரென்று’ எதுவும் நடக்கவில்லை. சின்னவள் தெரியாதது யாருக்குப் பரவாயில்லை? அவளைக் கேட்டீர்களா? “பெரியவள் என்னமாய் வாசிக்கிறாள்!” என்று அத்தையும் சித்தப்பாவும் போட்ட பதில்களை அவள் எதிரிலேயே படித்தும் காட்டியிருப்பீர்கள்.

ஸ்மெத்தனா இதை 1874-ல் எழுதியபோது அவருக்குக் காது முழுதாகக் கேட்காமல் போயிருந்தது. ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதை ஒரே பியானோவில் இருவர் வாசிக்க மாற்றியதும் அவர்தான். வீடுகளில் இசைத்தட்டு இல்லாத காலம். இரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்தால்தான் அந்த நதி வீட்டுக்குள் வரும். ஆர்கெஸ்ட்ராவில் எல்லாரும் முணுமுணுக்கும் மெட்டு வயலினிலும் ஓபோவிலும் வருகிறது, சரி. அதற்கு அடியில் வயோலாவும் செல்லோவும் ஓடவிடும் அலையை எடுத்துவிட்டால் நதி எங்கே இருக்கிறது? நான்கு கை வாசிப்பில் வழக்கமாகப் பெடலை மிதிப்பதும் கீழ்ப்பகுதிக்காரர்தான். அக்காவின் மெட்டு இழைந்து கேட்டதில் பாதி, நீங்கள் படம் பிடிக்காத அந்தக் காலால் வந்தது.

தனியாக வாசிக்க வைக்கவே கூடாது. வீடியோவிலிருந்து எடுத்தவளை மேடையிலிருந்தும் எடுப்பீர்களா? மூத்தவளுக்கும் அது கெடுதல். தங்கையை மறைத்துக் கைதட்டு வாங்க 15 வயதில் பழகினால், நாளை சொத்துப் பிரிக்கும்போது நீங்களே எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். பிள்ளைகளைச் சமமாக உட்கார வைப்பது பெற்றவளின் கடமை. டீச்சர் தலையில் கட்டாதீர்கள்.

முதலில் சின்னவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்பா என்று யாராவது கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அப்புறம் இருவரையும் இடம் மாற்றிப் பாருங்கள். இந்த இசையில் வேட்டைக் காட்சிக்குப் பிறகு வருகிறதே கிராமத்துக் கல்யாணம், அந்தப் போல்கா நடன மெட்டைச் சின்னவள் மேல்பகுதியில் வாசிக்கட்டும். பெரியவள் கீழ்ப்பகுதிக்கு உட்கார்ந்து பெடல் மிதிக்கட்டும், கஷ்டம் புரியும். நீங்கள் போனை உள்ளே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்.