வயிற்றில் நீர் கோத்த நாய்: திரும்பத் திரும்ப எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு 8 வயது. ஒரு மாதமாக வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது, முதுகெலும்போ எண்ணும்படி தெரிகிறது. ஊசி வழியாக 2 லிட்டர் நீர் எடுத்தார்கள், பத்தே நாளில் மறுபடி நிரம்பிவிட்டது. திரும்ப எடுக்கலாமா டாக்டர்? முட்டையை நிறுத்தச் சொல்கிறார்களே, சரியா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: எடுத்த நீர் என்ன நிறம் என்று எழுதவில்லையே அம்மா, எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தால் நீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்து வைக்கும் ஆல்புமின் என்ற புரதம் ரத்தத்தில் குறைந்திருக்கும். கல்லீரல் அதைச் செய்யவில்லை, அல்லது சிறுநீரகமோ குடலோ அதை ஒழுக விடுகிறது. வைக்கோல் நிறம், இளஞ்சிவப்பு என்றால் இதயத்தின் வலப்பக்கத்தையும் கல்லீரலையும் சந்தேகப்படுவேன். ரத்தமாகவே வந்தால் மண்ணீரல் கட்டி வெடித்திருக்கலாம், அன்றைக்கே ஆபரேஷன் வரை போக வேண்டியிருக்கும்.

ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்து மறுபக்கம் விரலால் சுண்டினால் அலை வந்து கையில் தட்டும். நீர் இருப்பது அதிலேயே தெரிந்துவிடும், ஏன் வந்தது என்பது தெரியாது. அதனால் ஆல்புமின், கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சிறுநீரில் புரதம், வயிற்று ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, நம் ஊரில் கூடவே உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை, இவற்றை முடித்துவிடுங்கள்.

நீரை எடுக்கும்போது அதோடு புரதமும் போகிறது, அப்புறம் அதே வேகத்தில் நிரம்புகிறது, உடம்பு இன்னும் வற்றுகிறது. மூச்சு வாங்கினால், படுக்க முடியாமல் தவித்தால் மட்டும் எடுக்கலாம். மற்றபடி நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரைகள்தான்: ஸ்பைரோனோலாக்டோன், தேவைப்பட்டால் ஃப்ரூசமைடு. அளவை எடை பார்த்து டாக்டர் சொல்லட்டும், ரத்தத்தில் பொட்டாசியம் அளவை இடையிடையே பார்க்க வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைக்க வேண்டியது உப்பு: கருவாடு, சாம்பார் சாதம், பிஸ்கெட் எல்லாம் வேண்டாம்.

முட்டையை நிறுத்தாதீர்கள். முதுகெலும்பு தெரிகிற நாய்க்குப் புரதம் கட்டாயம் வேண்டும். சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பது, வட்டமாகச் சுற்றுவது, எச்சில் ஒழுகுவது இருந்தால் மட்டும், கல்லீரல் சுத்தம் செய்யாமல் விட்ட கழிவு மூளைக்கு ஏறுகிறது என்று அர்த்தம், உடனே டாக்டரிடம் காட்டி உணவை மாற்ற வேண்டும்.

தையல் டேப்பால் கடைசி விலா எலும்பை ஒட்டி வயிற்றைச் சுற்றித் தினமும் காலையில் அளந்து, எடையோடு நோட்டில் குறித்து வையுங்கள். மாத்திரை கேட்கிறதா இல்லையா என்பது ஒரு வாரத்தில் அதில் தெரிந்துவிடும்.