மெக்டவல் கவுன்ட்டி: ஆள் குறைந்தும் தலா வருமானம் ஏறுவது ஏன்?

ஆள் குறைந்துகொண்டே வரும் இடத்தில் தலா வருமானம் ஏறுவதாக வருகிறதே, கணக்கில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கில் பிழையில்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்திலுள்ள மெக்டவல் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) மக்கள்தொகை சரியும்போதே தலா வருமானம் உயர முடியும். நீங்கள் எடுத்த பிஇஏ (அமெரிக்க அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம்) புள்ளிவிவரத்தில் ‘தனிநபர் வருமானம்’ (personal income) என்பது கூலி மட்டுமல்ல. அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும் அரசு மருத்துவக் காப்பீட்டுச் செலவும் அதில் அடக்கம்.

1950இல் அங்கே ஏறக்குறைய 99,000 பேர், 2020இல் 19,111. நிலக்கரிச் சுரங்க வேலை போனதும் இளையவர்கள் வெளியேறினார்கள், முதியவர்கள் தங்கிவிட்டார்கள். ஆகவே வருமானத்தில் இத்தகைய அரசு உதவித்தொகையின் பங்கு பெருத்திருக்கும் என்பதே என் ஊகம். இதை வளர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள், அந்த மக்களுக்கு அது நியாயமாகாது.

சரிபார்க்க:
1. பிஇஏ தளத்தில் வருமானத்தைக் கூறுகளாகப் பிரித்த அட்டவணையை எடுங்கள்.
2. நிகர உழைப்பு வருமானத்தை (உதவித்தொகை சேராத, வேலையால் வரும் வருமானம்) மட்டும் மக்கள்தொகையால் வகுங்கள்.
3. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

2020, 2021 இரண்டையும் தனியே வையுங்கள். கொரோனா நிவாரணப் பணம் அந்த ஆண்டுகளைத் தூக்கிக் காட்டும். இன்னொன்று, அந்தக் கவுன்ட்டியின் வெல்ச் நகர் அருகே உள்ள கூட்டரசுச் சிறையின் கைதிகளும் மக்கள்தொகையில் சேர்கிறார்கள். இவ்வளவு சிறிய கவுன்ட்டியில் அதுவே தலா கணக்கைக் கீழே இழுக்கும்.