மெயினை இறக்கிய பிறகும் தீயணைப்பு வீரர்கள் ஏன் காத்திருந்தார்கள்?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 12 வீடுகள். மாடியில் 10 கிலோவாட் சோலார் இருக்கிறது. சென்ற மாதம் மாலை நேரத்தில் தரைத்தள மீட்டர் பலகையில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் "கரண்ட் நின்றுவிட்டதா?" என்று கேட்டு வாசலிலேயே நின்றார்கள். மெயினை இறக்கிவிட்டோம் என்று சொன்னோம். அப்படியும் மின்வாரிய ஊழியர் வந்த பிறகுதான் தண்ணீர் அடித்தார்கள். அதற்குள் நான்கு மீட்டர்கள் கருகிவிட்டன. அவர்கள் செய்தது சரியா? இனி தாமதமாகாமல் இருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்? – குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: அவர்கள் செய்தது சரிதான். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் முதலில் மின்வாரியத்தின் ஃபியூஸ் கட்டைக்கு வருகிறது. அங்கிருந்து மீட்டருக்கும், கடைசியாக உங்கள் மெயினுக்கும் போகிறது. நீங்கள் மெயினை இறக்கியபோது வீடுகளுக்குள் விளக்கு அணைந்தது. எரிந்துகொண்டிருந்த பலகையில் மட்டும் மும்முனை மின்சாரம் அப்படியே இருந்தது. மீட்டர் பலகையில் தீ என்றால், கம்பத்திலோ தெருவோரப் பில்லர் பெட்டியிலோ ஃபியூஸைப் பிடுங்கினால்தான் மின்சாரம் நிற்கும். அதை மின்வாரிய ஆள் மட்டுமே செய்யலாம். பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் மூங்கில் கம்போடு வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

வீரர்களின் பூட்ஸும் கையுறையும் அனலைத் தாங்கச் செய்தவை. நனைந்துவிட்டால் அவை மின்சாரத்தைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. குழாயிலிருந்து ஒரே தாரையாகப் பாயும் தண்ணீர் வழியே மின்சாரம் திரும்பி வரும். தூவலாக அடித்தால் துளிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் ஆபத்து குறையும். வீட்டு மின்னழுத்த அளவுக்கு, தூவலாக அடிக்கக் குறைந்தது 1 மீட்டரும் தாரையாக அடிக்க 5 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்கிறது ஜெர்மனி நாட்டு விதி. உங்கள் தரைத்தள மீட்டர் அறையில் 5 மீட்டர் விலகி நிற்க இடம் இருக்கிறதா என்று நீங்களே அளந்து பாருங்கள். தரையில் தேங்கும் தண்ணீரில் அவர்களே நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் தயங்க இன்னொரு காரணம் உங்கள் மாடி. நீங்கள் கேட்காவிட்டாலும் அதைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 10 கிலோவாட் என்றால் ஏறத்தாழ 550 வாட் பேனல்கள் 18 இருக்கும். பெரும்பாலும் ஒன்பது ஒன்பதாக இரண்டு வரிசைகளில் தொடுத்திருப்பார்கள். ஒரு பேனல் சுமார் 50 வோல்ட் தரும் என்றால் ஒரு வரிசையில் 450 வோல்ட் நேர்மின்சாரம், அதாவது ஒரே திசையில் ஓடும் 'டிசி'. மின்வாரிய மின்சாரம் நின்றால், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், அது உண்மை. ஆனால் பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை இறங்கும் கேபிளில் வெயில் இருக்கும்வரை அந்த 450 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாது.

நேர்மின்சாரம் பிடித்தால் விடாது. நம் வீட்டு மாறுமின்சாரம் (ஏசி) நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி அறுந்துபோகும். நேர்மின்சாரத்துக்கு அந்த இடைவெளி இல்லை, அதன் பொறி வெல்டிங் போல நின்று எரியும். ஆகவே பேனல் கேபிளின் கனெக்டரை ஓடுகிற நிலையில் யாரும் கையால் பிடுங்கக் கூடாது. வீரர்கள் கோடரியால் வெட்டவும் கூடாது. அருகே கொண்டுபோனால் விளக்கெரிந்து ஒலிக்கும் பேனா டெஸ்டர் மாறுமின்சாரத்தை மட்டுமே காட்டும். 450 வோல்ட் நேர்மின் கேபிள் மீது வைத்தால் அது சும்மா இருக்கும். அதை நம்பி யாரையும் மாடிக்கு அனுப்பாதீர்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லித்தான் ஏமாற்றுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பேனலின் அடியிலும் சின்னப் பெட்டியாகத் தனித்தனி மைக்ரோ இன்வெர்ட்டர் இருந்தால், நேர்மின்சாரம் அந்த ஒன்றரை மீட்டர் வயருக்குள்ளேயே 50 வோல்ட்டோடு முடிந்துவிடும். கீழே இறங்குவது மாறுமின்சாரம். மின்வாரிய மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். ஆனால் சுவரில் மாட்டிய சின்ன இன்வெர்ட்டரையே "மைக்ரோ சார்" என்று காட்டும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. பேனல்களுக்கு அடியில் குனிந்து பாருங்கள். 18 பேனலுக்கு 18 பெட்டியோ, இரண்டு பேனலுக்கு ஒன்று வீதம் 9 பெட்டியோ இல்லை, சுவரில் ஒரே பெட்டி இருக்கிறது என்றால் உங்களுடையது மைக்ரோ இல்லை. பேட்டரியோடு வரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்கும் இந்த விலக்கு பொருந்தாது. அது மின்வாரியம் நின்ற பிறகும் வீட்டுக்குள் 230 வோல்ட் அனுப்பும்.

இப்போது செய்ய வேண்டியவை. முதல் வேலை, பேனல்கள் பக்கத்திலேயே, மாடியில், நேர்மின்சாரத்துக்கான ஐசொலேட்டர் (இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்று வைப்பது. பல இடங்களில் அதை இன்வெர்ட்டர் பக்கத்தில் தரைத்தளத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே அணைத்தால் நான்கு மாடி நீளத்துக்குக் கேபிள் உயிரோடுதான் இருக்கும். ஐசொலேட்டர் வாங்கும்போது அதில் 'டிசி' என்றும், உங்கள் வரிசையின் வோல்ட்டைவிடக் கூடுதலான அளவும் அச்சாகியிருக்க வேண்டும். வீட்டு எம்சிபியையே (கோளாறு வந்தால் தானாக இறங்கும் ஸ்விட்ச்) போட்டுவிட்டுப் போகும் ஒப்பந்தக்காரர்களை நம்பாதீர்கள். நேர்மின் பொறியை அதனால் அணைக்க முடியாது. அணைக்கும் நொடியில் அதுவே தீப்பிடிக்கக்கூடும். அடுத்தது கேபிள் போகும் வழி. படிக்கட்டு ஓரமாக வந்தால் வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். மூன்று மீட்டருக்கு ஒன்று வீதம் 'சோலார் கேபிள், பகலில் எப்போதும் மின்சாரம் உண்டு' என்று தமிழில் எழுதிய தகடு ஒட்டுங்கள்.

வாயில் கேட்டின் உட்புறம் ஒரு தாள் போதும், ஆனால் நனையாத உறையில். அதில் மின் இணைப்பு எண்கள், டிரான்ஸ்ஃபார்மரில் பெயின்டில் எழுதியிருக்கும் பெயர், பில்லர் பெட்டி இருக்கும் இடம், சோலார் ஐசொலேட்டர் இருக்கும் இடம், ஜெனரேட்டரை நிறுத்தும் இடம், எந்தெந்த வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் என்பவை இருக்கட்டும். தீ என்றால் முதல் அழைப்பு 101 அல்லது 112. அதே நிமிடம் இன்னொருவர் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழைத்து இணைப்பு எண்ணையும் டிரான்ஸ்ஃபார்மர் பெயரையும் சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் இரண்டாவது அழைப்பு வண்டி வந்த பிறகுதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அங்கேதான் நேரம் வீணாகிறது.

இதில் அரசு செய்ய வேண்டியதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024-இல் வந்த சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தை விடுவிக்கும்முன் ஐசொலேட்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? சோலார் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்திய வீடுகளின் பட்டியல் மின்வாரியத்திடம் இருக்கிறது. பகுதி வாரியாக ஒரு பிரதி தீயணைப்பு நிலையத்துக்குப் போனால் வீரர்கள் வழியிலேயே தயாராகிவிடுவார்கள். அமெரிக்க விதிப்படி ஒரு ஸ்விட்சைத் தட்டினால் பேனல்களுக்கு வெளியே உள்ள கேபிள் 30 நொடியில் 30 வோல்ட்டுக்குக் கீழே வந்தாக வேண்டும். நம் ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும்.

தீயணைப்பான் பற்றியும் ஒரு வார்த்தை. மீட்டர் அறைக்கு வெளியே 4.5 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வையுங்கள். உள்ளே வைத்தால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். அதில் அழுத்தம் காட்டும் முள் இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்க முடியும். உள்ளிருக்கும் வாயு பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். வருடாவருடம் வந்து தேதி ஸ்டிக்கரை மட்டும் மாற்றிவிட்டுக் காசு வாங்கும் ஆட்களிடம் "தராசு எங்கே?" என்று கேளுங்கள். இதை அடித்தால் சுடர் அமுங்கும். ஆனால் மின்சாரம் நிற்காதவரை மறுபடி பற்றும். மின்வாரிய ஆள் வரும்வரை பரவாமல் பிடித்துவைக்க மட்டுமே அது உதவும்.

இரவில் மாடியில் தீப்பிடித்து அணைத்திருந்தால், உடைந்த பேனல்கள் அப்போது செத்ததுபோல் கிடக்கும். காலையில் வெயில் பட்டதும் மறுபடி மின்சாரம் வரும். இன்சுலேஷன் உருகியிருந்தால் அலுமினியச் சட்டமும் இரும்புத் தாங்கியும்கூட ஷாக் அடிக்கும். விடிவதற்குள் கனமான கறுப்புத் தார்ப்பாயால் முழுவதும் மூடி ஓரங்களைக் கட்டிவையுங்கள். வெளிச்சம் ஊடுருவும் நீலத் தார்ப்பாய் போதாது. நிறுவிய நிறுவனத்தின் உரிமம் பெற்ற ஆள் வரிசையைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும்வரை மாடிக் கதவைப் பூட்டிவிடுங்கள். பழைய இரும்புக்காரரை மட்டும் அதற்குமுன் ஏற்றிவிடாதீர்கள்.