பெட்டி பூப்பின் குகைச் சுவர்

அன்புள்ள ஐயா,

கார்ட்டூன்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், 1930களின் கார்ட்டூன் நாயகி பெட்டி பூப்பின் படங்கள் மொத்தமும் ஆண்டு வரிசையில், வெட்டாமல் ஒரு டிஸ்க் தொகுப்பாக வந்தால் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தாவது வாங்குவேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் யூடியூபில் தேடினேன். பத்து நிமிடத்தில் முப்பது படத்துக்கு மேல் கிடைத்தது. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் பார்க்க முடிகிறது. இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதற்கு எதற்கு டிஸ்க்? இன்று யார் வீட்டில் டிவிடி பிளேயர் இருக்கிறது? தொண்ணூறு வருஷப் பழைய அமெரிக்கக் கார்ட்டூனுக்காக நாம் இவ்வளவு வருத்தப்பட வேண்டுமா? குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்கிறேன். என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு எந்தப் படத்தை முதலில் காட்டலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கே., ஈரோடு

அன்புள்ள கே.,

அந்த முப்பதில் 'ஸ்னோ ஒயிட்' இருந்ததா? 1933இல் வந்தது. டிஸ்னி அதே கதையை முழுநீளப் படமாகக் கொண்டுவருவதற்கு நான்கு வருஷம் முன்னால். ஏழு நிமிடப் படம். ரோலண்ட் கிராண்டல் என்பவர் ஏறக்குறைய தனியாளாக உட்கார்ந்து வரைந்தது. பின்பாதியில் ஒரு குகை வரும். உறைந்துபோன பெட்டி பூப்பைத் தொடர்ந்து கோகோ என்ற கோமாளி பாடிக்கொண்டே நடப்பான். மந்திரக் கண்ணாடி அவன் மேல் பட்டதும் வெள்ளைப் பேயாக மாறிவிடுவான். பாட்டில் தங்கக் காசும் சங்கிலியும் வரும்போது அவன் உடம்பே சங்கிலியாகவும் காசாகவும் ஆகிவிடும். சாராயம் என்று வந்ததும் புட்டியாகிவிடுவான். பாடும் குரல் ஜாஸ் பாடகர் காப் காலவேயுடையது. நடையும் அவருடையதே. அவர் ஆடியதைப் படம்பிடித்து, ஒவ்வொரு சட்டகமாகக் கண்ணாடியில் விழவைத்து, அதன் மேல் வரைந்து எடுத்த நடை அது. ரோட்டோஸ்கோப் என்று பெயர். அந்தக் கருவிக்கு 1915இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த மாக்ஸ் ஃபிளைஷர்தான் பெட்டி பூப்பை உருவாக்கிய ஸ்டூடியோவின் முதலாளி. தம்பி டேவ் இயக்குநர்.

அந்தக் குகைக் காட்சியை நான் முதலில் பார்த்தது ஒரு நடைபாதைக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய சிடியில். பேய் தெரிந்தது. பின்னால் ஒரே கறுப்பு. குகை என்றால் இருட்டாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பல வருஷம் கழித்து, ஒரு நண்பர் வீட்டில் நல்ல பிரிண்டிலிருந்து எடுத்த பிரதியைப் பார்த்தேன். குகைச் சுவர் நெடுக ஓவியம்! எலும்புக்கூடுகள், சூதாட்டம், குடி என்று பாட்டு சொல்லும் உலகம் முழுவதும் சாம்பல் நிறத்தில் மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது. பேய் ஆடுவது அந்த ஓவியங்களுக்கு முன்னால். சிடியைப் பார்த்த இத்தனை வருஷமும் நான் படத்தில் பாதியைப் பார்க்கவே இல்லை. பிரதிக்குப் பிரதி எடுத்து எடுத்து, அந்தச் சாம்பல் எல்லாம் கறுப்பில் மூழ்கிவிட்டது.

நீங்கள் 'கொஞ்சம் மங்கல்தான்' என்று எழுதிய இடத்தில் எனக்கு இந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது. மங்கலான பிரதியில் என்ன போயிருக்கிறது என்று அந்தப் பிரதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இன்னொன்றும் பார்த்திருப்பீர்கள். பல படங்கள் ஆரம்பிக்கும்போது யு.எம். அண்ட் எம். என்றோ என்.டி.ஏ. என்றோ ஒரு அட்டை வரும். அது அசல் டைட்டில் கிடையாது. இந்தப் படங்களைத் தியேட்டர்களுக்கு வெளியிட்டது பாரமவுண்ட். 1955இல் தன்னிடமிருந்த பழைய குறும்படங்களைத் தொலைக்காட்சிக்காக யு.எம். அண்ட் எம். என்ற கம்பெனிக்கு விற்றது. தன் பெயரும் மலைச் சின்னமும் டிவியில் வரக் கூடாது என்பது பேச்சு. வாங்கியவர்கள் டைட்டிலை வெட்டி எடுத்துவிட்டுச் சொந்த அட்டையை ஒட்டினார்கள். அடுத்த வருஷமே அந்தக் கம்பெனி என்.டி.ஏ. கைக்குப் போனது. அவர்கள் பாரமவுண்ட் பெயர் வந்த இடங்களைக் கறுப்படித்தார்கள். படச்சுருளைக் கத்தரியால் வெட்டி ஒட்டிய வேலை, கே. இத்தனைக்கும், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்தப் படங்கள் சுற்றிச் சுற்றி மறுபடியும் பாரமவுண்ட் கைக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. வெட்டிய டைட்டில்கள் திரும்பி வரவில்லை. எங்கேயாவது ஒரு பழைய பிரிண்டில் அசல் அட்டை அகப்பட்டால் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். யார் வரைந்தார், யார் இசை என்று அந்த நான்கைந்து நொடியில்தான் இருக்கிறது. வரைந்தவனின் பெயரைக் கேட்பதை வீண் ஆசை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அப்புறம் வண்ணக் கதை. 1970களின் தொடக்கத்தில், கறுப்பு வெள்ளைப் படம் டிவியில் விலைபோகாது என்று, பெட்டி பூப் படங்களைத் தென்கொரியாவுக்கு அனுப்பிச் சட்டகம் சட்டகமாகத் தடம்பிடித்து வரையவைத்து வண்ணம் அடித்தார்கள். செலவைக் குறைக்க நடுவில் சட்டகங்களைத் தாண்டினார்கள். அசைவு தத்தித் தத்திப் போகும். 1980களில் அதே ஸ்டூடியோவின் மாலுமி பொப்பாயின் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும் இதே கதி. எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிதில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் என் அக்கா மகளோடு உட்கார்ந்து பார்த்த பொப்பாய் அதுதான். அவன் கை குத்துக்குப் போகும்போது நடுவில் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். அந்தக் காலத்துக் கார்ட்டூன் அப்படித்தான் போல என்று அந்தப் பெண்ணிடம் நானே சொன்னேன். தப்பான தகவல். அசலில் அந்தக் கை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது.

ஒழுங்காக வெளியிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கும் பொப்பாய்தான் உதாரணம். படங்களின் உரிமை வார்னரிடம், பாத்திரத்தின் உரிமை கிங் ஃபீச்சர்ஸிடம். இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போகாததால் வருஷக்கணக்கில் எதுவும் வரவில்லை. சிந்துபாத், அலிபாபா, அலாவுதீன் என்று மூன்று நீண்ட வண்ணப் படங்கள் மட்டும் எல்லா மலிவு டிஸ்கிலும் திரும்பத் திரும்ப வரும். ஒருவழியாக உடன்பாடு ஆகி, 2007இல் முதல் டிவிடி தொகுப்பு வந்தது. 1933 முதல் 1938 வரையிலான 60 படங்கள், இரண்டு வண்ணப் படங்கள் தவிர மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளையில், வரிசையாக.

என் அத்தான் நியூஜெர்சியிலிருந்து வரும்போது அதை வாங்கிவந்தார். ஆசையாகப் பிளேயரில் போட்டால், இந்த டிஸ்க் இந்தப் பகுதிக்கு உரியது இல்லை என்று திரையில் ஒரு வரி. டிவிடிக்காக உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள்: அமெரிக்கா பகுதி 1, நாம் பகுதி 5. கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவில் பகுதியை மாற்றலாம், மொத்தம் ஐந்து தடவைதான் மாற்ற விடும். ஒரு தடவையைச் செலவழித்து 1க்கு மாற்றினேன். அந்த டிரைவ் கெட்டுப்போகும் வரைக்கும் 1லேயே இருந்தது.

அன்று ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான் பொப்பாயின் முணுமுணுப்பு முதன்முதலாக முழுசாகக் காதில் விழுந்தது. 1935லிருந்து அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஜாக் மெர்சர். ஃபிளைஷர் ஸ்டூடியோவில் படத்தை வரைந்து முடித்த பிறகே குரல் பதிவு செய்வார்கள். வாய் அசையாத இடங்களில் மெர்சர் தன்பாட்டுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். எதிராளியைக் கிண்டல் செய்வார், பொப்பாயின் காதலி ஆலிவ் ஆயிலைப் பற்றி அலுத்துக்கொள்வார், தனக்குத்தானே கணக்குப் போடுவார். படத்தின் சிரிப்பில் பாதி அந்த முணுமுணுப்பில் இருக்கிறது. சிடியில் அது வெறும் இரைச்சல்.

பெட்டி பூப்புக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 1990களில் விஎச்எஸ் கேசட்டில் ஒரு பெரிய தொகுப்பு வந்தது. 2013, 2014இல் ஆலிவ் ஃபிலிம்ஸ் நான்கு ப்ளூரே போட்டார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டஜன் போல. படங்கள் பார்க்க அருமை, ஆனால் ஆண்டு வரிசை கிடையாது. பெட்டிக்கு அந்த வரிசை மிக முக்கியம். 1930இல் 'டிஸ்ஸி டிஷஸ்' படத்தில் அவள் நாய்க்காது வைத்த ஒரு பாடகி. போகப் போகக் காது தோடாக மாறி முழுப் பெண்ணாகிறாள். 1934 நடுவில் ஹாலிவுட்டின் தணிக்கை விதி இறுகியதும் பாவாடை நீள்கிறது, ஆட்டம் அடங்குகிறது, அடுப்படிக்குப் போகிறாள். நான்கு வருஷத்தில் ஒரு பாத்திரத்துக்கு நேர்ந்த இந்த மாற்றத்தை, கலைத்துப்போட்ட டிஸ்கில் யாரும் உணர முடியாது.

மாக்ஸின் பேத்தி ஜேன் ஃபிளைஷர் ரீட் இப்போது தாத்தாவின் படங்களை ஒவ்வொன்றாகச் சீரமைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறார். சில படங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வந்திருக்கின்றன. மிச்சிகனில் ஸ்டீவ் ஸ்டாஞ்ச்ஃபீல்டு என்பவர் தண்டர்பீன் என்ற சின்ன நிறுவனத்தை வைத்துக்கொண்டு, பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத கார்ட்டூன்களைத் தேடிப் பிடித்து டிஸ்க் போடுகிறார். இவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

உரிமைக் காலம் முடிந்தால் எல்லாம் தானாக வந்துவிடாதா என்று கேட்கலாம். நம் நாட்டுச் சட்டப்படி திரைப்படத்துக்கு உரிமை 60 வருஷம்தான். அமெரிக்காவில் 95 வருஷம். 1930இல் வந்த படங்களுக்கு அங்கேயும் 2026 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் சட்டம் விட்டுக்கொடுப்பது உரிமையை மட்டும். நெகட்டிவ் யாருடைய கிடங்கில் இருக்கிறதோ அவர்கள் கதவைத் திறக்க வேண்டும். அந்தக் கால நெகட்டிவ் நைட்ரேட் ஃபிலிம். சட்டென்று தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் மெல்ல மெல்லச் சிதைந்து பிசினாகி, கடைசியில் பொடியாகும். எனக்கு இருக்கும் அவசரம் இதனால்தான்.

டிவிடி பிளேயர் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி நியாயம். ஆனால் ஸ்ட்ரீமிங்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். லூனி டூன்ஸ் கார்ட்டூன்களில் 256ஐ எச்பிஓ மேக்ஸ் 2022 கடைசியில் தூக்கியது. மிச்சமிருந்த பழைய படங்களையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டது. மாதாமாதம் பணம் கட்டியவர் ஒருநாள் திறந்து பார்க்கிறார், பக்ஸ் பன்னி இல்லை. அதே படங்களில் பலவற்றை 2003இலிருந்து 2008 வரை ஆறு டிவிடி தொகுப்பாக வாங்கி அலமாரியில் வைத்தவருக்கு அந்தக் கவலை இல்லை.

டிஸ்க் வந்தாலே போதும் என்றும் சொல்ல மாட்டேன். ஃபிளைஷர் ஸ்டூடியோ தொடங்கிய சூப்பர்மேன் தொடர், மொத்தம் 17 படம், 2023இல் ப்ளூரேயில் வந்தபோது ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். சுத்தம் செய்கிறேன் என்று ஃபிலிமுக்கே உரிய நுண்துகள்களை அழுத்தித் துடைத்ததில் பென்சில் கோட்டின் உயிரும் போய்விட்டது என்பது அவர்கள் புகார். அவர்கள் பக்கம்தான் நானும்.

உங்கள் மகளை மனதில் வைத்து இதையும் சொல்ல வேண்டும். இந்தப் படங்கள் சிலவற்றில் கறுப்பின மக்களை வரைந்திருக்கும் விதம் மனதை நோகடிக்கும். ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தன் குழுவோடு நேரில் வந்து வாசிக்கும் 1932ஆம் வருஷத்துப் படம் ஒன்று இருக்கிறது. அவர் வாசிப்பு சொர்க்கம். கார்ட்டூன் பகுதியில் அவரை வரைந்திருப்பதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. அதையும் வெட்டாமல் வெளியிட வேண்டும், முன்னால் நேர்மையாக ஒரு விளக்கத்தோடு. லூனி டூன்ஸ் மூன்றாம் தொகுப்பில் கறுப்பின நடிகை வூபி கோல்ட்பர்க் தோன்றி அப்படித்தான் பேசினார். ஆனால் ஏழு வயதுக் குழந்தையைத் தனியே உட்காரவைத்துக் காட்டும் படங்கள் இல்லை அவை.

அவளுக்கு 1936இல் வந்த பொப்பாய் சிந்துபாத் படத்தை முதலில் காட்டுங்கள். பதினாறு நிமிடம், வண்ணப் படம். சிந்துபாத் தன் தீவில் பாடிக்கொண்டே நடந்து போகும்போது, பின்னாலிருக்கும் பாறைகளும் குகையும் நிஜப் பொருள் மாதிரி நகரும். நிஜப் பொருள்தான். சுழலும் மேசையில் அட்டையும் களிமண்ணும் வைத்துத் தீவையே பொம்மையாகக் கட்டி, வரைந்த செல்லுலாய்டு தாளைக் கண்ணாடிக்கு நடுவில் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொரு சட்டகத்துக்கும் மேசையைக் கொஞ்சம் திருப்பிப் படம்பிடித்தார்கள். கிட்டே இருக்கும் பாறை வேகமாகப் போகும், தூரத்துப் பாறை மெதுவாகப் போகும். அதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், அவளே கண்டுபிடிக்கிறாளா பாருங்கள். என்னிடமுள்ள பொப்பாய் டிவிடி தொகுப்பில் அந்தப் படம் இருக்கிறது, அடுத்த மாதம் ஈரோடு வரும்போது கொண்டுவருகிறேன். கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவ் இருக்கிறதா, பகுதி மாற்ற இன்னும் எத்தனை தடவை மிச்சம் என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

அன்புடன்.