ஆன் பிராங்க் இல்லம் பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

இரண்டாம் உலகப்போரில் நாஜிகளுக்குத் தப்பி ஆம்ஸ்டர்டாமில் எட்டுப் பேராக ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் பிராங்க். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

கேள்வி: இரண்டு மாதம் கழித்து ஆம்ஸ்டர்டாம் போகிறோம். டிக்கெட்டை வாசலில் வாங்கலாமா?

பதில்: முடியாது. அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும்தான். செவ்வாய்தோறும் அங்கே காலை 10 மணிக்கு, ஆறு வாரம் தள்ளி வரும் நாட்களுக்குத் திறப்பார்கள். நமக்கு அது அவர்களுடைய கோடையில் மதியம் 1:30, குளிர்காலத்தில் 2:30. இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இன்னொன்று: 'ஆன் பிராங்க் நடைச்சுற்றுலா' என்று விற்பதில் பலவும் தெருவோடு சரி, வீட்டுக்குள் விடமாட்டார்கள். பணம் கட்டுமுன் படித்துப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி. ஏற முடியுமா அக்கா?

பதில்: அவர்கள் ஒளிந்திருந்த பின்கட்டுக்குப் போகும் படிகள் ஏணிபோலச் செங்குத்தானவை, குறுகலானவை. சக்கர நாற்காலி அங்கே போகாது. புதுக் கட்டடப் பகுதியை மட்டும் அவர் பார்க்கலாம்.

கேள்வி: புகைப்படம்?

பதில்: உள்ளே எங்கும் கூடாது.

கேள்வி: அறைகள் எல்லாம் காலி என்கிறார்களே. அவ்வளவு தூரம் போய் வெற்றுச் சுவரையா பார்ப்பது? கட்டில், மேசை போட்டு வைக்கலாமே.

பதில்: காலியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1944 ஆகஸ்ட் 4 அன்று எட்டுப் பேரையும் பிடித்துப்போன பிறகு தட்டுமுட்டுச் சாமான்களை நாஜிகள் வாரிக்கொண்டு போனார்கள். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஆனின் அப்பா ஓட்டோ மட்டும். அறைகள் அப்படியே வெறுமையாக இருக்கட்டும் என்றவர் அவர்தான்.

சுவரும் வெற்றுச் சுவர் அல்ல. ஆன் ஒட்டிய சினிமா நட்சத்திரப் படங்கள் அவள் அறையில் இன்றும் இருக்கின்றன. பெற்றோர் அறையில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள். ஒளிந்திருந்த இரண்டே வருடத்தில் ஆன் 13 செ.மீ.க்கு மேல் வளர்ந்திருக்கிறாள். பக்கத்திலேயே, ஹிட்லரை எதிர்த்த நேசப்படை முன்னேறியதைக் குண்டூசி குத்திப் பார்த்த, பிரான்சின் நார்மண்டி பகுதி வரைபடம். அந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள்.

கேள்வி: சண்டைக்கு வரவில்லை அக்கா. பத்து வயதுப் பையனுக்குக் காலி அறையில் என்ன புரியும்? நியூயார்க்கில் இந்தப் பின்கட்டையே சாமான்களோடு முழு அளவில் அமைத்தார்களே?

பதில்: ஆமாம், 2025இல். அது வேறு ஊரில் எழுப்பிய நகல், அதில் சாமான் வைப்பது சரி. 1999இல் இந்த வீட்டிலும் புகைப்படம் எடுப்பதற்காக அறைகளைப் பழையபடி அமைத்து, பிறகு எடுத்துவிட்டார்கள். பையனுக்கு அங்குள்ள சிறு மாதிரி வடிவங்களை முதலில் காட்டுங்கள். எது எங்கே இருந்தது என்று பிடிபடும். பிறகு புத்தக அலமாரி. பின்கட்டின் வாசலை மறைத்த, கீல் வைத்த கதவு அது. அதன் பின்னால் நிலை தாழ்வு. எல்லோரும் நெற்றியை இடித்துக்கொண்டதால் மரச்சீவல் திணித்த துணியை நிலையில் அறைந்தார்கள். கீழே கிடங்கு ஆட்களுக்கு விஷயம் தெரியாது. அதனால் பகலில் செருப்புச் சத்தம், குழாய்ச் சத்தம் எதுவும் கூடாது. இதைச் சொல்லிவிட்டு அவனை அந்தப் பலகைத் தரையில் நடக்கவிடுங்கள்.

கேள்வி: டிக்கெட் கிடைக்காவிட்டால்?

பதில்: ரயிலில் ஹார்லெம் போங்கள். போரின்போது யூதர்களை ஒளித்துவைத்த டென் பூம் குடும்பத்தின் கடிகாரக் கடை வீடு அங்கே இருக்கிறது. படுக்கையறைப் பொய்ச்சுவருக்குப் பின்னால் 1944 பிப்ரவரியில் ஆறு பேர் இரண்டு நாள் நின்று தப்பினார்கள். அதற்கும் முன்பதிவு வேண்டும்.

கேள்வி: நேரில் போய் வரிசையில் நின்றால் டிக்கெட் தருவார்களா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். செவ்வாய், காலை 10, ஆம்ஸ்டர்டாம் நேரம்.