அகஸ்தியர்கூடம் போக 65 லிட்டர் பை வேண்டுமா?

கேள்வி: தக்கலையில் வேலை பார்க்கிறேன். நண்பர்கள் நாலு பேர் ஜனவரியில் கேரளாவில் உள்ள அகஸ்தியர்கூடம் மலைக்குப் போகிறோம். முதுகில் பை போட்டுக் காட்டில் தங்கப் போவது இதுதான் முதல் தடவை. கூட்டிப் போகிறவர் 65 லிட்டர் பை, டென்ட், மைனஸ் 5 டிகிரி தூக்கப்பை, பூட்ஸ் எல்லாம் ஒரே செட்டாக ஆளுக்கு 18,000 ரூபாய் கட்டாயம் வாங்க வேண்டும் என்கிறார். இவ்வளவும் தேவையா?

பதில்: தேவையில்லை. பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் டென்ட். போனக்காட்டில் இருந்து ஏறி அதிருமலை முகாமுக்குப் போனால் அங்கே கொட்டகையில்தான் படுக்கை. டென்ட் அடிக்கிற வேலையே இல்லாத இடத்துக்கு டென்ட் விற்கிறார் என்றால் அவர் மலை ஏறியவரா என்றே எனக்குச் சந்தேகம். மைனஸ் 5 தூக்கப்பையும் அப்படித்தான். உச்சி 1,868 மீட்டர். ராத்திரி காற்று குளிரும், ஆனால் தண்ணீர் உறையாது. லேசான தூக்கப்பையோ நல்ல கம்பளியோ போதும். இன்னொன்று, உறையில் பெரிதாக அச்சடித்திருக்கும் டிகிரி பெரும்பாலும் நடுங்கிக்கொண்டு தாக்குப்பிடிக்கிற அளவு. சுகமாகத் தூங்குகிற டிகிரி பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள்.

பை 40 லிட்டர் போதும். 65 வாங்கினால் இடம் இருக்கிறதே என்று ரொப்பிவிடுவீர்கள். உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்கக் கூடாது. இந்தப் பயணத்துக்கு எட்டு கிலோவே தாராளம். கடைக்குப் போகும்போது ஏழு கிலோ அரிசியைக் கட்டி எடுத்துப் போங்கள், கூச்சப்பட வேண்டாம். பைக்குள் வைத்து மாட்டி, இடுப்புப் பட்டையை இடுப்பு எலும்பின் மேல் இறுக்குங்கள். பிறகு தோள் பட்டையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பாரம் இடுப்பில் உட்கார்ந்தால் அது உங்கள் பை. தோளைக் கீழே இழுத்தால் எத்தனை தள்ளுபடி என்றாலும் வேண்டாம்.

பணம் போட வேண்டியது காலுக்கு. ஆனால் 'பழைய ஸ்டாக், பாதி விலை' பூட்ஸ் பக்கமே போகாதீர்கள். நான் ஒருமுறை அப்படி வாங்கினேன், பெட்டி பிரிக்காதது. கீரிப்பாறைப் பக்கம் ஓர் ஓடையைத் தாண்டியதும் இடது காலின் அடிப்பாகம் வாய் பிளந்தது. உள்ளே இருந்த நுரை ஈரமான பிஸ்கட் மாதிரி விரலோடு வந்தது. சாரத்தை, அதாவது லுங்கியை, கிழித்துச் சுற்றிக் கட்டித்தான் இறங்கினேன். அந்த நுரை பாலியூரித்தேன்; போடாமல் பெட்டியில் வைத்தாலும் ஈரக்காற்றில் சில வருடத்தில் உதிரும். தயாரித்த மாதத்தைப் பாருங்கள். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் இரண்டு வாரமாவது வெளியே போகும்போதெல்லாம் அதையே போடுங்கள்.

'வாட்டர்ப்ரூப்' என்ற சொல்லை நம்ப வேண்டாம். பைக்கு மேல் போடும் உறையைத் தாண்டி முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். உள்ளேதான் காப்பு வேண்டும். மழைக்காலத்தில் ரப்பர் மரத்தில் கட்டுகிற கனத்த பிளாஸ்டிக் குலசேகரத்தில் கிடைக்கும். அதைப் பைக்குள் விரித்து, துணியை வைத்து மேலே சுருட்டி மூடுங்கள். திரும்ப வீட்டுக்கே வந்துவிடும். தூக்கிப் போடுகிற கவர், பாட்டில் எதுவும் கொண்டுபோகாதீர்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் தலையில் கட்டும் டார்ச்சும் அங்கேயே வாங்கலாம். கைகள் இரண்டும் சும்மா இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

பருத்தி உடுப்பு வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சும். ஆனால் துவர்த்து, அதாவது நம்மூர்த் துண்டு, மட்டும் விலக்கு. பருத்திதான், இருந்தாலும் மெல்லிசு. பிழிந்து பைமேல் போட்டால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். வியர்வை துடைக்கும், கழுத்தை வெயிலில் இருந்து காக்கும், சூடான பாத்திரம் பிடிக்கும், கால் பிசகினால் கட்டாகும். கடையில் 'டிராவல் டவல்' என்று பல மடங்கு விலைக்கு விற்பது இந்த வேலையில் பாதிகூடச் செய்யாது. இரண்டு துவர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உடம்புக்கு, ஒன்று மற்ற வேலைக்கு. ஆனால் அதை உடுத்திக்கொண்டு படுக்காதீர்கள்.

அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால்வரை இறுக்கமான துணி உறையும் கொஞ்சம் உப்பும் போதும்.

இந்த 'செட்' வியாபாரம் எப்படி வளர்கிறது தெரியுமா? பேச்சிப்பாறைக்குப் பின்னால் இவ்வளவு காடு இருந்தும் நம் குமரி மாவட்டத்துக்காரன் முறையாக ஓர் இரவு தங்கிப் பழக வழியில்லை. மலையேறப் போனவர்கள் இறந்த 2018 குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு கட்டுப்பாடு வந்தது, சரி, வரவேண்டியதுதான். 2024-இல் தமிழக அரசு திறந்த 40 மலையேற்றப் பாதைகளில் காளிகேசம்–பாலமோர் இருக்கிறது. அதுவும் பகல் நடை. தங்க வேண்டும் என்றால் கேரளாவுக்குத்தான் ஓட வேண்டும். அங்கேயும் வருடத்தில் சில வாரம்தான் திறக்கிறார்கள். இத்தனை பேர் ஆசைப்படுகிற இடத்தில் இப்படிக் கதவைச் சாத்தி வைத்தால் நடுவில் தரகர் நுழையாமல் என்ன செய்வார்?

ஆகவே அவரிடம் பூட்ஸ் விலையைக் கேட்பதற்கு முன் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். நாலு பேர் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி அதில் இருக்க வேண்டும். 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்றால் அவரை விட்டுவிட்டு, கேரள வனத்துறையின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். மருத்துவச் சான்றிதழையும் மறக்காதீர்கள், அது இல்லாமல் போனக்காட்டில் இருந்தே திரும்ப வேண்டி வரும்.